இங்கிலாந்தில் உளவளத்துணை பெறுவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது என்னால் போக முடியவில்லை. விசா விண்ணப்பம் உள்ளே கிடந்தது, நாட்டை விட்டு வெளியேறினால் அது ரத்தாகிவிடும். அதற்குப் பிறகு வந்த குளிர்காலம் முழுக்க இரவு மூன்று மணிக்கு விழிப்பு வரும், நெஞ்சு அடைக்கும், காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் கண்ணீர் வரும். மூன்று தடவை இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரி என்று வந்தது. கடைசியில் வேலையிடத்து அக்கா ஒருவர், "நீர் ஒருக்காக் கவுன்சலிங் போய்ப் பாரும்" என்றார். உளவளத்துணையைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்.

அவர் சொன்ன நாளிலிருந்து ஓர் உளவளத்துணையாளரின் முன்னால் போய் இருப்பதற்கு எனக்கு எட்டு மாதம் எடுத்தது. அதில் ஆறு மாதமாவது வீண். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை, வந்த அழைப்பைத் தவறவிட்டேன், படிவத்தில் உண்மையை எழுதவில்லை. உங்களுக்கு அந்த ஆறு மாதம் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் உள்ளது இங்கிலாந்தில் வாழும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் நடைமுறை வேறு.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால் இந்தக் கட்டுரையின் படிகளை வரிசையாகச் செய்துகொண்டிருக்க வேண்டாம். உடனடி ஆபத்து என்றால் 999. இல்லாவிட்டால் 111க்கு அழைத்து 2ஐ அழுத்துங்கள். அது மனநல நெருக்கடிக்கான இணைப்பு, இரவு பகலாக இயங்கும். யாரிடமாவது கதைத்தால் போதும் என்றிருந்தால் சமாரிட்டன்ஸ், 116 123, இலவசம்.

1. உளவளத்துணை உங்களுக்கு உரியதுதானா என்று பாருங்கள்

ஊரில் மனம் சரியில்லை என்றால் பெரியவர் ஒருவர் கூப்பிட்டு இருத்திப் புத்திமதி சொல்லுவார். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஆனால் வருபவரை மையமாக வைக்கும் முறையில் யாரும் உங்களுக்குப் புத்தி சொல்ல மாட்டார்கள். எதைப் பற்றிக் கதைப்பது, எவ்வளவு தூரம் போவது என்பது உங்கள் கையில் இருக்கும். கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் வகுத்த முறை இது. ஆலோசகர் உங்கள் இடத்தில் நின்று விளங்கிக்கொள்ள வேண்டும், நல்லது கெட்டது பார்க்காமல் உங்களை ஏற்க வேண்டும், முகத்துக்கு நடிக்கக் கூடாது. இந்த மூன்றும்தான் அடிப்படை.

விளம்பரங்களில் 'இன்டகிரேட்டிவ்' என்று போட்டிருப்பார்கள். ஒருங்கிணைந்த முறை என்று அர்த்தம். மேலே சொன்ன அடித்தளத்தில் நின்றுகொண்டு, தேவையைப் பார்த்து வேறு முறைகளையும் எடுத்துக்கொள்வார்கள்: எண்ணங்களை எழுதிச் சோதித்துப் பார்க்கும் சிபிடி, சிறுவயது உறவுகளைத் தேடிப்போகும் முறை, மூச்சையும் உடலையும் கவனிக்கும் பயிற்சி. என் விஷயத்தில் முதல் நான்கு தடவையும் அம்மாவைப் பற்றி மட்டும்தான் கதைத்தேன். ஐந்தாவது தடவைதான் அந்த மூன்று மணி விழிப்புக்கு ஒரு நித்திரைக் குறிப்பேடு எழுதச் சொன்னார்.

இழப்பு, விவாகரத்து, தனிமை, வேலை போனது, குடும்பத்துக்குள் முறுகல், நீண்ட நாள் மனச்சோர்வு, பதகளிப்பு (ஓயாத பதற்றமும் பயமும்) போன்றவற்றுக்கு இது பொருந்தும்.

நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. யுத்தத்திலோ தடுப்பிலோ நடந்தது கனவாகவும் காட்சியாகவும் திரும்பத் திரும்ப வருகிறது, ஒரு சத்தம் கேட்டால் உடம்பு உதறுகிறது என்றால் அது மனவடுவாக இருக்கலாம். அதற்கு இங்கே மருத்துவ வழிகாட்டல்கள் சொல்வது சாதாரண உளவளத்துணையை இல்லை. மனவடுவுக்கென்றே அமைந்த சிபிடி, அல்லது கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் என்ற முறை. ஆகவே முதல் அழைப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். எல்லா விபரமும் தேவையில்லை. "யுத்தத்தில் பாதிக்கப்பட்டவன், அந்தக் காட்சிகள் வருகின்றன" என்றால் போதும். சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கு ஃப்ரீடம் ஃப்ரொம் டோர்ச்சர் என்ற அமைப்பு லண்டன், பேர்மிங்ஹாம், மன்செஸ்டர், நியூகாசில், கிளாஸ்கோவில் இலவசமாகச் சிகிச்சை தருகிறது. காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற உறுதியான பயம் போன்றவை இருந்தால் நேரே ஜிபியிடம், அதாவது உங்கள் குடும்ப வைத்தியரிடம், போங்கள்.

2. ஜிபியில் பதிவு இல்லை என்றால் அதை முதலில் செய்யுங்கள்

அடுத்த படிக்கு ஒரு சேர்ஜரியில், அதாவது ஜிபி இருக்கும் மருத்துவ நிலையத்தில், பதிந்திருக்க வேண்டும். பதிவு இலவசம். இணையத்தில் செய்யலாம், சேர்ஜரியில் ஜிஎம்எஸ்1 என்ற படிவத்தை வாங்கியும் நிரப்பலாம்.

பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். பாஸ்போர்ட், வீட்டு முகவரிக்கான பில், விசா ஆதாரம் எல்லாம் கொண்டுவா என்று வரவேற்பு மேசையில் கேட்பதுண்டு. என்னிடமும் கேட்டார்கள். நான் மாமா வீட்டில் ஓர் அறையில் இருந்தேன், என் பெயரில் ஒரு பில்லும் கிடையாது. திரும்பி வந்து இரண்டு மாதம் சும்மா இருந்தேன். உண்மையில் பதிவதற்கு அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ விசா நிலையோ கட்டாயம் இல்லை. அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பவரும் பதியலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். 14 நாளுக்குள் எழுதித்தர வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. இருக்கிற ஆவணத்தைக் காட்டினால் உங்கள் பழைய மருத்துவப் பதிவுகளை இணைக்க அவர்களுக்கு இலேசு, அவ்வளவுதான்.

3. கடிதத்துக்குக் காத்திருக்காமல் நீங்களே விண்ணப்பியுங்கள்

என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) நடத்தும் என்எச்எஸ் டோக்கிங் தெரபீஸ் என்ற இலவசச் சேவைக்கு ஜிபியின் கடிதம் தேவையில்லை. இது எனக்குத் தெரியாமல்தான் ஜிபி சந்திப்புக்கே ஒரு மாதம் காத்திருந்தேன். என்எச்எஸ் இணையத்தளத்தில் அந்தப் பெயரைத் தேடி, உங்கள் சேர்ஜரியின் பெயரைக் கொடுத்தால் உங்கள் பகுதிச் சேவையின் பக்கம் வரும். அங்கே 'செல்ஃப் ரெஃபரல்' என்பதை அழுத்துங்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யக் கஷ்டம் என்றால் தொலைபேசியிலும் விண்ணப்பிக்கலாம்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பிறந்த திகதி, முகவரி, சேர்ஜரியின் பெயர், தொலைபேசி எண், குடிக்கும் மருந்துகளின் பெயர். என்எச்எஸ் எண் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் பரவாயில்லை.

"உங்கள் பிரச்சினை என்ன" என்ற பெட்டியில் நம்மவர்கள் "தலையிடி, நித்திரை இல்லை" என்று மட்டும் எழுதுவோம். உடம்பைப் பற்றி எழுதுவது பிழையில்லை, ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். எத்தனை மாதமாக, எதற்குப் பிறகு தொடங்கியது, அதனால் எதைச் செய்ய முடியவில்லை என்ற மூன்றையும் எழுதுங்கள். நான் இரண்டாவது தடவை எழுதியது இதுதான்: "ஏழு மாதத்துக்கு முன் அம்மா இறந்தார், போக முடியவில்லை. கிழமையில் நாலு நாள் அதிகாலையில் எழும்புகிறேன், பிறகு நித்திரை வராது. சமைக்க மனமில்லை, கூட்டாளிகளின் போனை எடுப்பதில்லை. அம்மாவைப் பற்றிக் கதைக்க வேண்டும் போல் இருக்கிறது."

படிவத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரும். அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். குறுஞ்செய்தி அனுப்பலாமா, குரல் பதிவு விடலாமா, வீட்டுக்குக் கடிதம் போடலாமா என்று கேட்பார்கள். பலர் சேர்ந்து இருக்கிற வீடு, கடிதங்களை யாராவது பிரிப்பார்கள் என்றால் கடிதம் வேண்டாம் என்று குறியுங்கள். பெண் ஆலோசகர்தான் வேண்டும், நேரில்தான் வேண்டும், மாலை நேரம் வேண்டும் என்றால் அதையும் இங்கேயே எழுத வேண்டும். பிறகு கேட்டால் வரிசையில் பின்னுக்குப் போக நேரலாம்.

அடுத்து இரண்டு கேள்வித்தாள்கள் வரும். ஒன்று மனச்சோர்வுக்கு, 9 கேள்வி, மொத்தம் 27 புள்ளி. மற்றது பதகளிப்புக்கு, 7 கேள்வி, மொத்தம் 21. கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்கும். முதல் தடவை நான் எல்லாவற்றுக்கும் 'சில நாட்கள்' என்று போட்டேன். யாரும் "எப்படி இருக்கிறீர்" என்று கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லிப் பழகிய கை அது. முதல் தாளில் 10, இரண்டாவதில் 8 என்பவைதான் பொதுவாக அவர்கள் பார்க்கும் எல்லை. எனக்கு அதற்குக் கீழே வந்தது, ஒரு சுய உதவிக் கையேடு மட்டும் அனுப்பினார்கள். கூட்டியும் போட வேண்டாம், குறைத்தும் போட வேண்டாம். நாட்காட்டியை முன்னால் வைத்துக்கொண்டு நாட்களை எண்ணிப் போடுங்கள்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வந்ததா என்பது. "ஓம்" என்று போட்டால் பிடித்து ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். அந்தப் பதிலுக்காக மட்டும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஒருவர் கூப்பிட்டு, அந்த எண்ணம் எப்படிப்பட்டது, அதைச் செய்யும் திட்டம் இருக்கிறதா என்று ஆறுதலாகக் கேட்பார். தயவுசெய்து அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

4. மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், சொந்தக்காரரைக் கூட்டிப்போக வேண்டாம்

கடையிலும் வேலையிலும் சமாளிக்கிற ஆங்கிலம் வேறு, அம்மாவின் கடைசி நாளைச் சொல்வதற்கான மொழி வேறு. தமிழ் மொழிபெயர்ப்பாளரை அந்தச் சேவை இலவசமாக ஒழுங்கு செய்யும். சில இடங்களில் தமிழ் தெரிந்த ஆலோசகரே இருப்பார். படிவத்தில் 'தமிழ்' என்று எழுதுங்கள். இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா, ஆணா பெண்ணா என்பதையும் சொல்லலாம். தொலைபேசி வழியாக இணையும் மொழிபெயர்ப்பாளர் என்றால் அவர் உங்கள் ஊராராக இருப்பாரோ என்ற பயமும் குறையும். என்ன இருந்தாலும் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்களுடைய தொழில் விதி.

தம்பியையோ மகளையோ மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள். அவர்கள் முன்னால் நீங்கள் எதைச் சொல்லாமல் விடுவீர்களோ, அதுவாகத்தான் பெரும்பாலும் பிரச்சினை இருக்கும்.

5. முதல் அழைப்பைத் தவறவிடாதீர்கள்

இதைத்தான் ஆகப் பெரிய பொறி என்று சொல்வேன். விண்ணப்பித்த பிறகு மதிப்பீட்டுக்காக ஓர் அழைப்பு வரும். அது பெரும்பாலும் எண் காட்டாத அழைப்பாக வரும். மோசடிக்காரர் என்று நினைத்து நாம் எடுக்க மாட்டோம். நான் இரண்டு தடவை எடுக்கவில்லை. பிறகு "இந்தத் திகதிக்குள் தொடர்புகொள்ளாவிட்டால் விண்ணப்பம் மூடப்படும்" என்று கடிதம் வந்தது. அது மாமாவின் மேசையில் மூன்று கிழமை கிடந்தது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

விண்ணப்பித்த நாளிலிருந்து தெரியாத எண்களையும் எடுங்கள். நேரம் குறித்துத் தந்தால் அந்த நேரத்துக்கு வீட்டை விட்டு வெளியே போயாவது தனியாகக் கதைக்க ஓர் இடம் பாருங்கள். பூங்கா, நிறுத்திய கார், எதுவானாலும் சரி. அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும். 

அந்த அழைப்பின் முடிவில் எதைத் தருவது என்று சொல்வார்கள். பல நேரம் முதலில் இணைய வழிப் பாடமோ வழிகாட்டலுடன் கூடிய சுய உதவியோதான் வரும். சிலருக்கு அதுவே போதும். கதைக்கத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் அதைச் சொல்லிக் கேட்கலாம். மனச்சோர்வுக்கு வருபவரை மையமாகக் கொண்ட கவுன்சலிங்கும் இந்தச் சேவையில் உண்டு. 'கவுன்சலிங் ஃபோர் டிப்ரெஷன்' என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஆங்கிலப் பாடம் தமிழில் யோசிக்கிறவருக்கு உதவாது என்பதும் நியாயமான காரணம்தான், தயங்காமல் சொல்லுங்கள்.

6. காத்திருக்கும் காலம்

இலக்கு என்று வைத்திருப்பது, நூற்றுக்கு 75 பேருக்கு ஆறு கிழமைக்குள்ளும் 95 பேருக்கு 18 கிழமைக்குள்ளும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது. ஆனால் முதல் அமர்வுக்கும் இரண்டாவதற்கும் இடையில் இன்னொரு காத்திருப்பு வரலாம். மதிப்பீட்டு அழைப்பிலேயே "எனக்கு இரண்டாவது அமர்வு எப்போது கிடைக்கும்" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிடைக்கும் அமர்வுகள் பொதுவாக 8 முதல் 16 வரை, பிரச்சினையின் கனத்தைப் பொறுத்தது.

காத்திருக்கும் நாளில் நிலைமை மோசமானால் அழைத்துச் சொல்லுங்கள். வரிசையில் இருக்கிறேன் என்பதற்காகப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஜிபி மாத்திரை எழுதித் தந்தால் இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண். வருமானம் குறைந்தவர்கள் HC1 படிவம் நிரப்பினால், தகுதி இருந்தால் HC2 சான்றிதழ் கிடைக்கும், அதைக் காட்டினால் மருந்து இலவசம்.

வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் ஊழியர்களுக்கு இலவசக் கவுன்சலிங் வைத்திருக்கின்றன, இஏபி என்பார்கள். பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு அமர்வு, சில நாட்களிலேயே தொடங்கும். நீங்கள் என்ன கதைத்தீர்கள் என்பது மனேஜருக்குப் போகாது. பல்கலைக்கழக மாணவர்களுக்கும் இப்படி ஒரு சேவை இருக்கும்.

7. காசு கொடுத்துப் போவதானால்

இந்த நாட்டில் 'கவுன்சலர்', 'சைக்கோதெரபிஸ்ட்' என்ற பட்டங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. இன்று காலையில் யாரும் ஒரு பலகையைத் தொங்கவிட்டு நாளைக்கு ஆள் பார்க்கலாம். எனக்கு இது காசு கொடுத்துத்தான் தெரிந்தது. தமிழர், உளவளத்துணையாளர் என்று யாரோ சொன்ன ஒருவரிடம் அமர்வுக்கு 60 பவுண் வீதம் நான்கு தடவை போனேன், 240 பவுண். விரதம் பிடிக்கச் சொன்னார், ஏழரைச் சனி என்றார், கணவரைப் பற்றி நான் சொன்னதை என் மாமியாரின் சிநேகிதிக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லியும் இருந்தார். முறையிட ஓர் இடமும் இருக்கவில்லை, ஏனென்றால் அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அதனால் முதலில் பெயரைப் பதிவேட்டில் தேடுங்கள். பிஏசிபி, யுகேசிபி, என்சிபிஎஸ் ஆகிய தொழில் அமைப்புகளின் இணையத்தளங்களில் யாரும் இலவசமாகத் தேடலாம். 'கவுன்சலிங் சைக்கொலஜிஸ்ட்', 'கிளினிக்கல் சைக்கொலஜிஸ்ட்' போன்ற பட்டங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவர்களை HCPC என்ற அமைப்பின் பதிவேட்டில் பார்க்க வேண்டும். சான்றிதழைச் சுவரில் பார்த்தேன் என்பது போதாது.

பல ஆலோசகர்கள் முதலில் 15, 20 நிமிடம் காசில்லாமல் தொலைபேசியில் கதைப்பார்கள். அப்போது நான் கேட்பவை: எந்தப் பதிவேடு, எண் என்ன? என்னைப் போன்ற பிரச்சினையோடு வந்தவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? மூத்த ஆலோசகர் ஒருவரிடம் ஒழுங்காக மேற்பார்வை பெறுகிறீர்களா? வராத நாளுக்குக் காசு உண்டா? தமிழர் என்றால் இன்னொன்றும்: எந்தக் கோயிலுக்கு, எந்தச் சங்கத்துக்குப் போவீர்கள்? ஒரே இடத்தில் பழகுகிறவர் என்றால் நல்ல ஆலோசகர் தானே விலகி வேறொருவரைக் காட்டுவார்.

செலவு. லண்டனில் நான் விசாரித்தபோது 50 நிமிட அமர்வுக்கு 50 முதல் 90 பவுண் வரை சொன்னார்கள். கிழமைக்கு ஒன்று என்று பத்துக் கிழமைக்குக் கணக்குப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் காசு முடிந்து நிறுத்துவது நல்லதில்லை. வருமானம் குறைவு என்று சொல்லிக் குறைந்த கட்டணம் கேட்கலாம், பலர் அதற்கென்று ஒன்றிரண்டு இடம் வைத்திருப்பார்கள். பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் மேற்பார்வையோடு தொண்டு நிறுவனங்களில் 10 முதல் 30 பவுணுக்குப் பார்க்கிறார்கள். எனக்குக் கடைசியில் கிடைத்த நல்ல ஆலோசகர் இப்படிப் பயிற்சியில் இருந்த ஒருவர்தான். தொடங்குமுன் ஓர் ஒப்பந்தத் தாள் தருவார்கள். அதில் ரத்துச் செய்வதற்கான கால எல்லையைப் பாருங்கள். 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் முழுக் காசும் கட்ட வேண்டியிருக்கும்.

8. முதல் சில அமர்வுகள்

முதல் அமர்வில் பாதி, விதிகளைச் சொல்வதிலேயே போகும். நீங்கள் சொல்வது ரகசியம். விலக்கு சில உண்டு: உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ பெரிய ஆபத்து, பிள்ளைகளின் பாதுகாப்பு, நீதிமன்ற உத்தரவு அல்லது இந்த நாட்டுப் பயங்கரவாதச் சட்டம் கட்டாயப்படுத்தும் சூழல். விசாவைப் பார்க்கும் ஹோம் ஒபிசுக்கு அறிக்கை எழுதுவது அவர்களுடைய வேலை இல்லை.

அழுதால் அழலாம். சும்மா இருந்தால் அவரும் சும்மா இருப்பார்; நம் ஊரில் அப்படி இருந்தால் மரியாதைக் குறைவு போலத் தோன்றும், இங்கே அது உங்களுக்குத் தருகிற இடம். வீட்டுக்கு வந்ததும் களைப்பாக இருக்கும். முடிந்தால் அன்று இரவு வேலை வைக்காதீர்கள்.

மூன்று அமர்வுக்குப் பிறகும் அவரோடு கதைக்க மனம் வரவில்லை என்றால் அவரிடமே சொல்லுங்கள். "எனக்கு நீங்கள் பொருந்தவில்லை போல இருக்கிறது" என்று ஒரு வைத்தியரிடம் சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் இந்தத் தொழிலில் அதைக் கேட்டுப் பழகியவர்கள். சொன்ன பிறகு கதை திறந்ததும் உண்டு, வேறொருவருக்கு மாற்றிவிட்டதும் உண்டு.

9. கடிதங்கள், ஆவணங்கள்

வேலைக்கு ஏழு நாள் வரை வராமல் இருந்தால் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மேல் என்றால் 'ஃபிட் நோட்' என்ற மருத்துவச் சான்று வேண்டும், அதை ஜிபியிடம் கேளுங்கள். உளவளத்துணையாளரால் தர முடியாது. வழக்குக்கோ விசாவுக்கோ கடிதம் வேண்டும் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல ஆலோசகர்கள், நீங்கள் அமர்வுக்கு வருகிறீர்கள் என்ற விபரத்தை மட்டும்தான் எழுதித் தருவார்கள். ஜிபி எழுதும் இப்படியான கடிதங்களுக்குக் கட்டணம் கேட்கலாம். உங்களைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளின் பிரதியைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, இலவசம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு வையுங்கள்: விண்ணப்பித்த திகதி, வந்த கடிதங்கள், கேள்வித்தாள் புள்ளிகள், கதைத்தவரின் பெயர். வீடு மாறினால் முகவரியைச் சேர்ஜரியிடமும் இந்தச் சேவையிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், ஒன்று மற்றதுக்குத் தானாகப் போகாது.

10. முடிக்கும்போது

கடைசி அமர்வு எது என்பதை இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே கேட்டு வையுங்கள். திடீரென்று முடிந்தால் அது இன்னொரு இழப்புப் போல் வந்து உட்காரும். முடிந்ததும் உங்களுக்கும் ஜிபிக்கும் ஒரு கடிதம் அனுப்புவார்கள், பத்திரப்படுத்துங்கள். பிறகு திரும்பவும் தேவைப்பட்டால் அதே என்எச்எஸ் பக்கத்தில் நீங்களே மறுபடி விண்ணப்பிக்கலாம். அந்தப் பழைய கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டால், கதையை முழுதாகத் திரும்பச் சொல்ல வேண்டிய தேவை குறையும்.